அயல்நாட்டில் பள்ளி தேடும் பெற்றோரே!



சென்ற ஷஅபான் மாதத்தில் ஓரிரவு, இஷாத் தொழுகை முடிந்து நான் பள்ளிவாசற் படியிறங்கிக் கொண்டிருந்த வேளையில், ஷார்ஜாவிலிருந்து ஒரு சகோதரர் தொலைபேசியில் அழைத்தார். ஸலாம் உரைத்து நலம் விசாரித்து முடித்ததும் அவர் கேட்டார்: "ஹஜ்ரத், மகளைச் சேர்க்க மூன்று பள்ளிக்கூடங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று நம் இந்தியப் பாடத்திட்டம், ஒன்று பிரிட்டிஷ் பாடத்திட்டம், மற்றொன்றை ஐ.பி. என்கிறார்கள். அந்த மூன்றாவது பள்ளியில் நீச்சல் குளம் முதல் நாடக அரங்கு வரை எல்லாம் இருக்கின்றன. கட்டணமோ என் சம்பளத்தில் பாதியை விழுங்கிவிடும். மார்க்கமும் உலகமும் ஒருங்கே கிடைக்க வேண்டுமானால் எதில் சேர்ப்பது?"

நான் மறுமொழியாக ஒரு கேள்வியைத்தான் கேட்டேன். "தம்பி, பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மறு மாதம் உங்கள் மகள் எந்த நாட்டில் இருப்பாள்?"

அப்புறத்தில் சற்று நேரம் ஓசையில்லை. பிறகு, "அதை நாங்கள் இன்னும் யோசிக்கவில்லை, ஹஜ்ரத்" என்றார்.

அவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. 2012ஆம் ஆண்டில் என் சகோதரியின் மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது நானும் அதை யோசிக்கவில்லை. யோசிக்காமலே ஆலோசனையும் கூறினேன். அதன் விலையை அந்தச் சிறுவன் கொடுத்தான். அந்த வரலாற்றைப் பின்னர் சொல்கிறேன். முதலில், சர்வதேசப் பள்ளி என்ற ஒன்று எதற்காக உலகில் தோன்றிற்று என்பதைக் காண்போம்.

முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் ஜெனீவா நகரில் அமைந்தன. அங்கே பணியாற்ற வந்த பல நாட்டு அலுவலர்களின் பிள்ளைகளுக்காக 1924இல் ஜெனீவா சர்வதேசப் பள்ளி தொடங்கப்பட்டது. அப்பிள்ளைகளுக்கு ஏற்பட்ட இடர்ப்பாடு யாது? பிரெஞ்சுக் குழந்தை பாரிஸுக்கும், ஆங்கிலக் குழந்தை இலண்டனுக்கும் ஒருநாள் திரும்பியாக வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகங்களோ தத்தம் நாட்டுத் தேர்வுகளையே கேட்டன. இந்த முடிச்சை அவிழ்க்கும் பொருட்டே பல்லாண்டு முயற்சிக்குப் பின் 1968இல் ஐ.பி. எனப்படும் 'இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்' அமைப்பு ஜெனீவாவில் உருவாயிற்று.

நம் தமிழகத்திலேயே இதற்கு முந்திய சான்று ஒன்றுண்டு. கொடைக்கானலில் 1901இல் அமெரிக்க மிஷனரிகள் ஒரு பள்ளியை நிறுவினார்கள். இந்தியாவில் ஊழியம் செய்த பெற்றோரின் பிள்ளைகள் பின்னர் அமெரிக்கா சென்று கல்லூரியில் சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். அப்பள்ளிதான் 1976இல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஐ.பி. கல்வியைக் கொணர்ந்தது. கூர்ந்து நோக்குங்கள்! ஜெனீவாவிலும் கொடைக்கானலிலும் பெற்றோர் கட்டிடத்தைப் பார்த்துப் பள்ளியைத் தேடவில்லை. பிள்ளை எங்கே திரும்பிப் போகப் போகிறது என்பதைப் பார்த்தார்கள்; அதற்கேற்ற பள்ளி இல்லாததால் தாங்களே அமைத்துக் கொண்டார்கள். நாமோ இன்று பள்ளிக்குள் நுழையும் வாசலின் பளிங்கைப் பார்க்கிறோம். பிள்ளை வெளியே வரும் வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது என்று பார்ப்பதில்லை.

இக்கேள்வி ஏனையோரைக் காட்டிலும் வளைகுடா வாழ் தமிழருக்கு மிக முக்கியமானது. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறியவர் காலப்போக்கில் அந்நாட்டுக் குடிமகனாகலாம். அவருடைய பிள்ளை அங்கேயே கற்று அங்கேயே வேர்கொள்ளலாம். வளைகுடா நாடுகளில் முப்பது ஆண்டுகள் உழைத்தாலும் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. பணி இருக்கும்வரை விசா. விசா இருக்கும்வரை குடும்பம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022இல் விதியைத் தளர்த்தி, மணமாகாத மகனைத் தந்தை 25 வயது வரை தம் பொறுப்பில் வைத்துக்கொள்ள இடமளித்தார்கள். நல்லதுதான். ஆயினும் 25 வயதுக்குப் பின் அவனும் தன் சொந்தக் காலில் விசா தேட வேண்டியவனே.

மேலும் 2019இல் அங்கு வந்த விதியின்படி மாதம் 4,000 திர்ஹம் ஊதியம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தாலே குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம். நம் இளைஞர்கள் பலர் மகிழ்ச்சியோடு மனைவி மக்களை அழைத்தார்கள். குழந்தை தவழும்வரை கணக்குச் சரியாக இருக்கும். அது புத்தகப்பையைச் சுமக்கும் வயதை எட்டியதும் கணக்குத் தவறும். துபாயில் தனியார் பள்ளிக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் திர்ஹத்தில் தொடங்கி ஒரு லட்சம் திர்ஹத்துக்கு மேலும் செல்கிறது. வகுப்பு உயர உயரக் கட்டணமும் உயரும் என்பதைப் பலர் முதல் வகுப்பில் எண்ணிப் பார்ப்பதில்லை. நிறுவனம் கல்விப் படி கொடுக்கிறது என்று பெருமிதம் கொள்வோரும் உளர். அப்படி, அந்த வேலையோடு பிறந்தது. அந்த வேலையோடு மறைவது.

என் மருமகன் கதை

என் சகோதரியின் கணவர் சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியில் பணியிலிருந்தார். அந்நாட்டில் இந்தியத் தூதரகத்தின் அரவணைப்பில் இயங்கும் சமூகப் பள்ளிகள் உண்டு. ஜித்தாவில் 1969 முதலும், ரியாதிலும் தம்மாமிலும் 1982 முதலும் அத்தகைய பள்ளிகள் நடைபெற்று வருகின்றன. கட்டணம் குறைவு, வகுப்பறையில் நெரிசல் அதிகம். அவற்றை விடுத்து, பிரிட்டிஷ் பாடத்திட்டத்தோடு குர்ஆன் மனனமும் உண்டு என்று அறிவித்திருந்த ஒரு தனியார் பள்ளியின் விளம்பரத்தாளை மச்சான் எனக்கு அனுப்பி என் கருத்தைக் கேட்டார். விளம்பரத்தாளின் மேற்பகுதியில் பிஸ்மில்லாஹ் அழகுற எழுதப்பட்டிருந்தது. நானும், "துன்யாவும் ஆகிரத்தும் ஒரே கூரையின் கீழ்! தயங்காமல் சேருங்கள்" என்று எழுதிவிட்டேன். இன்று நினைத்தாலும் என் அவசரம் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பள்ளி தன் வாக்கைக் காப்பாற்றியது என்பதைச் சொல்லியாக வேண்டும். சிறுவன் அம்ம ஜுஸ்வை மனனம் செய்தான்; ஆங்கிலம் அருவியெனப் பேசினான். ஆனால் 2017 ஜூலையில் சவூதி அரசு, வெளிநாட்டுத் தொழிலாளரின் குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. அது ஆண்டுதோறும் நூறு நூறாக உயர்ந்து 2020இல் 400 ரியாலாகும் என்றும் அறிவித்தது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஆக நால்வர். 2019 ஜூலையில் தலைக்கு 300 வீதம் ஆண்டுக்கு 14,400 ரியால்! இகாமா புதுப்பிக்கும்போது முன்கூட்டியே கட்ட வேண்டிய தொகை அது. பள்ளிக் கட்டணத்தோடு இதையும் தாங்க மச்சானால் இயலவில்லை. அவ்வாண்டுகளில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பெட்டி கட்டியதைப் போலவே, என் சகோதரியும் மூன்று பிள்ளைகளோடு ஊர் வந்து சேர்ந்தாள்.

பிரிட்டிஷ் முறையில் 'இயர் செவன்' முடித்த மருமகனை எட்டாம் வகுப்பில் சேர்க்கப் போனோம். அங்கே ஒரு பாடம் கற்றேன். ஆங்கிலேயர் ஐந்து வயதிலேயே 'இயர் ஒன்' தொடங்குவதால், அவர்களுடைய ஏழாம் ஆண்டு நம்முடைய ஆறாம் வகுப்புக்கே நிகர். ஆகவே அவன் ஏழாம் வகுப்பில் அமர்ந்தான். அது பெரிதன்று. மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ்த்தாள் உண்டு அல்லவா? தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி, அவ்வாண்டு முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. என் மருமகனுக்கோ அகரம் தெரியாது. வீட்டில் தமிழ் பேசுவான், எழுத்தை அறியான். ஏழாம் வகுப்புத் தமிழ் நூலைக் கையில் கொடுத்தபோது, தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று ஐயுறுபவனைப் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

முதல் பருவத் தேர்வில் தமிழில் அவன் பெற்ற மதிப்பெண்ணை இங்கே எழுத மனம் வரவில்லை. மற்றப் பாடங்களில் வகுப்பிலேயே முன்னிற்கக் கூடிய பிள்ளை, ஒரு தாளின் பொருட்டுக் கடைசி வரிசையில் அமர்த்தப்பட்டான். "மாமா, நான் முட்டாளா?" என்று ஒரு மாலை என்னிடம் கேட்டான். அவன் முட்டாளல்லன். முட்டாள்தனம் செய்தவன் யார் என்பது எனக்குத் தெரியும்.

ஒப்பிட்டவர் இப்னு கல்தூன்

பாடத்திட்டங்களை ஒப்பிட்டு நோக்குவது இக்காலத்தார் கண்டுபிடித்த கலை என்று எண்ணிவிடாதீர்கள். துனிஸில் 1332இல் பிறந்து 1406இல் கெய்ரோவில் மறைந்த பேரறிஞர் இப்னு கல்தூன், 1377இல் எழுதிய தமது முகத்திமா நூலில் இதற்கெனத் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். மக்ரிபு நாட்டார் சிறுவருக்குக் குர்ஆனை மட்டுமே கற்பித்தார்கள். ஆகவே அப்பிள்ளைகள் மொழியாற்றலில் பின்தங்கினார்கள். ஸ்பெயின் நாட்டு முஸ்லிம்கள் குர்ஆனோடு கவிதை, கடிதக்கலை, எழுத்தழகு ஆகியவற்றையும் கற்பித்தார்கள். அவர்களுக்கு மொழி வசப்பட்டது, மார்க்கக் கல்வி மெலிந்தது. இவ்வாறு நிறையையும் குறையையும் நிறுத்துக் காட்டுகிறார் அவர்.

காழி அபூபக்ர் இப்னுல் அரபி அவர்கள், முதலில் மொழியும் கவிதையும், அடுத்துக் கணக்கு, அதன் பின்னர் குர்ஆன் என்று வரிசையை மாற்றலாம் என்றார்கள். இப்னு கல்தூன் அம்முறையை நல்ல முறையென்றே போற்றுகிறார். ஆயினும் மக்கள் அதை ஏற்காததற்கு ஒரு காரணம் கூறுகிறார். பிள்ளை பருவமெய்தியதும் பெற்றோரின் கட்டுக்கடங்காமல் கல்வியையே விட்டுச் சென்றுவிடலாம்; ஆதலால் அவன் கைக்குள் இருக்கும்போதே முதன்மையானதைக் கொடுத்துவிட வேண்டும் என்று மக்கள் அஞ்சினார்களாம். பார்த்தீர்களா! அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பும் பெற்றோரின் கண் பிள்ளை எப்போது, எப்படி வெளியேறும் என்பதன் மீதே இருந்திருக்கிறது. மாணவரை அடித்து நெருக்கினால் அவர்கள் பொய்யும் வஞ்சகமும் பழகுவர் என்றும் அப்பெரியார் எழுதியிருப்பதை, பிரம்பை இன்னும் கீழே வைக்காத என் மதரஸாத் தோழர்கள் சிலருக்கு இவ்விடத்தில் நினைவூட்டிக் கொள்கிறேன்.

இனி இன்றைய மூன்று பாதைகளுக்கு வருவோம்.

பிள்ளை இந்தியாவுக்குத் திரும்பிக் கல்லூரியில் சேரும் என்பது உறுதியானால், சி.பி.எஸ்.இ. போன்ற இந்தியப் பாடத்திட்டமே தடங்கல் குறைந்த பாதை. மருத்துவத்துக்கான நீட் தேர்வும், பொறியியலுக்கான ஜே.இ.இ. தேர்வும் பெரும்பாலும் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களை ஒட்டியே அமைந்தவை. நீட் தேர்வை 2021 முதல் குவைத், துபாய் ஆகிய ஊர்களிலும் எழுத வழி பிறந்தது. என்.ஐ.டி. முதலான கல்வி நிலையங்களில் வெளிநாட்டில் பயின்றோரைச் சேர்க்கும் 'தாசா' திட்டத்தில், வளைகுடாவில் பணிபுரியும் இந்தியரின் பிள்ளைகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதில் இடம் பெற்றோர் உள்நாட்டு மாணவருக்குரிய கட்டணம் செலுத்தினாற் போதும். இச்செய்தியை அறியாமலே எத்தனையோ தந்தையர் பல இலட்சங்களைக் கொடுத்து வெளிநாடு வாழ்வோர் ஒதுக்கீட்டில் இடம் வாங்குகிறார்கள்!

பிரிட்டிஷ் பாதையில் 1988 முதல் நடைபெறும் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வும், அதன்பின் ஈராண்டு 'ஏ லெவல்' கல்வியும் உள்ளன. மாணவர் ஏ லெவலில் பெரும்பாலும் மூன்று பாடங்களே எடுப்பர். ஆழமாகக் கற்பர் என்பது மெய். ஆனால் பதினாறு வயதில் உயிரியலைக் கைவிட்ட பிள்ளைக்குப் பின்னர் இந்திய மருத்துவக் கல்லூரியின் வாசல் எளிதில் திறவாது. ஐ.பி. பட்டயத்தில் ஆறு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளிகள், இன்னும் 3 சேர்ந்து மொத்தம் 45. மாணவர் தாமே ஆராய்ந்து 4,000 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். அத்தகைய கட்டுரை ஒன்றை நான் வாசித்திருக்கிறேன். மதரஸாவில் ஏழாண்டு ஓதிய எங்களில் பலர் அப்படித் தலைப்பெடுத்து ஆராய்ந்தெழுதக் கற்றதில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஐரோப்பாவுக்கோ, வட அமெரிக்காவுக்கோ, சிங்கப்பூருக்கோ மேற்படிப்புக்குச் செல்லும் பிள்ளைக்கு இவ்விரண்டும் சிறந்த வாசல்கள். அங்கு அனுப்பும் பொருள்வலிமை நமக்கு அப்போது இருக்குமா என்பதைத்தான் இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். இவற்றில் தேறியவர் இந்தியப் பல்கலைக்கழகத்தில் சேரவும் தடையில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடமிருந்து சமநிலைச் சான்று பெற வேண்டும். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை முழுவதும் தமிழகத்தில் பயிலாதவர் இங்குப் பொறியியல் கலந்தாய்வில் பங்குபெற, 'நேட்டிவிட்டி' எனப்படும் பிறப்பிடச் சான்றிதழையும் வைத்திருத்தல் அவசியம்.

இடையில் மாறுவதாயின் பருவக் கணக்கையும் மறவாதீர்கள். இந்தியப் பள்ளிகள் வளைகுடாவிலும் ஏப்ரலில் தொடங்குகின்றன. ஏனையவை ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பரிலோ தொடங்குகின்றன. ஜூன் மாதத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் பிள்ளை ஒரு பருவத்தை இழக்கும்.

பள்ளியின் தரத்தை எப்படி அறிவது? அண்டை வீட்டார் புகழ்ச்சி அதற்குப் போதாது. துபாயில் கே.எச்.டி.ஏ. என்னும் அரசு அமைப்பு 2008 முதல் தனியார் பள்ளிகளை ஆய்வு செய்து அறிக்கைகளை எவரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. மிகச் சிறப்பு என்பதிலிருந்து மிக நலிவு என்பது வரை ஆறு படிகள். 2024-25இல் வழக்கமான முழு ஆய்வுகள் நடைபெறவில்லை. ஆகவே அறிக்கை எந்த ஆண்டினது என்பதை முதலில் பாருங்கள். இவ்வறிக்கைகளில் பெற்றோர் பலர் கவனியாத ஒரு பகுதி உண்டு. ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றுக்கு உள்ளதைப் போலவே இஸ்லாமியக் கல்விக்கும் அரபு மொழிக்கும் தனித்தனியே மதிப்பீடு இடப்பட்டிருக்கும். ஒட்டுமொத்தமாக மிகச் சிறப்பு என்ற பெயர் பெற்ற பள்ளியிலும் இவ்விரண்டின் மதிப்பீடு சில படிகள் கீழே இருக்கக் கூடும். முன்பக்கத்தைப் பார்த்து மகிழ்ந்து அறிக்கையை மூடிவிடாதீர்கள்.

மார்க்கம் பள்ளியின் பங்கா, வீட்டின் பங்கா?

அமீரகத்தில் எந்தப் பாடத்திட்டப் பள்ளியாயினும் முஸ்லிம் மாணவருக்கு இஸ்லாமியக் கல்வி கட்டாயம். அரபு மொழியோ, முஸ்லிமல்லாதார் உட்பட அரபு மொழியினரல்லாத பிள்ளைகளுக்கும் ஒன்பதாம் வகுப்பு வரை கட்டாயம். 2022 முதல் வெள்ளிக்கிழமை அங்குப் பெரும்பாலான இடங்களில் அரைநாள் பணிநாளாயிற்று. ஜும்ஆவுக்கு முன்பே பள்ளி விட்டுவிடும். இவ்வளவு இருக்கையில் மார்க்கத்துக்கு வேறென்ன குறை என்று பெற்றோர் நினைக்கிறார்கள்.

விடுமுறையில் ஊர் வரும் பிள்ளைகளை நான் சோதித்துப் பார்ப்பதுண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத் பற்றி ஆங்கிலத்தில் அழகாக விடை சொல்கிறார்கள். அல்ஹம்து சூராவை ஓதச் சொன்னால் சிலருக்கு 'ஹா'வும் 'ஹே'யும் ஒன்றாகிவிடுகின்றன. வாரத்தில் இரண்டு மூன்று பாடவேளை. வகுப்பில் முப்பது பிள்ளைகள். ஆசிரியர் எவ்வாறு ஒவ்வொரு நாவையும் திருத்துவார்? இஃது அவர் குற்றமன்று. ஓதல் என்பது ஒரு நாவிலிருந்து ஒரு நாவுக்குச் செல்லும் கல்வி. அதற்குத் தந்தையோ தாயோ நாள்தோறும் கால்மணி நேரம் எதிரில் அமர வேண்டும்.

வேறொன்றும் நிகழ்கிறது. நம் கடற்கரையூர்களில் பெரும்பாலோர் ஷாஃபியீ மத்ஹபினர். ஃபஜ்ருத் தொழுகையில் குனூத் ஓதுகிறோம். அங்கு வேறு முறையைக் கற்றுவந்த சிறுவன், "அப்பா ஏன் கூடுதலாக எதையோ ஓதுகிறார்?" என்று பாட்டனாரைப் பற்றிக் கேட்கிறான். பாட்டனார் முகம் சுருங்குகிறது. இமாம்கள் தம்முள் வேறுபட்டும் ஒருவரை ஒருவர் மதித்த வரலாற்றை யாரேனும் அச்சிறுவனுக்குச் சொல்லியிருந்தால், அந்தக் காலைப்பொழுது கசந்திருக்காது. இதைச் சர்வதேசப் பள்ளி சொல்லித் தராது. அதனிடம் எதிர்பார்ப்பதும் முறையன்று.

இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்களே ஹிஜ்ரி 150இல் காஸாவில் பிறந்து, தந்தையை இழந்து, தாயின் கரத்தில் வளர்ந்தவர்கள்தாம். குழந்தையின் வேர் அறுந்துவிடலாகாது என்று அத்தாய் இரண்டு வயதுப் பிள்ளையை மக்காவுக்குக் கொண்டு சென்றார்கள் என வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். ஆசிரியருக்குக் கொடுக்கக் காசில்லாத ஏழைத் தாய்! கல்வியின் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்கிருந்த தெளிவு நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

தாய்மொழியின் நிலையும் இதுவே. சி.பி.எஸ்.இ. மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு. ஆனால் வளைகுடாவில் எல்லாப் பள்ளிகளும் அதைக் கற்பிப்பதில்லை. போதிய மாணவர் சேர்ந்தாலே ஆசிரியரை நியமிப்பர். பெற்றோர் பத்துப் பேர் ஒன்றாகச் சென்று கேட்டால் நடக்கக் கூடியது, தனியே முணுமுணுப்பதால் நடப்பதில்லை. சிங்கப்பூருக்குப் பிழைக்கச் சென்ற கடையநல்லூர் முஸ்லிம்கள் தங்கள் சங்கத்தின் மூலம் 1946இல், போரின் புண் ஆறாத காலத்திலேயே, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியை எழுப்பினார்கள். அது 1960இல் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. பிள்ளைகள் அந்நாட்டிலேயே நிலைத்து வாழப்போகிறவர்கள் என்றானபின் பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடினர். மாணவர் குறைந்து 1982இல் அப்பள்ளி மூடப்பட்டது. அதை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன். வெளியேறும் வாசல் மாறியது, பெற்றோரும் மாறினர். அப்புலவர் பெயரால் அங்கே தமிழ்மொழி நிலையம் ஒன்று இன்றும் இருக்கிறது.

என் மருமகனிடம் திரும்புவோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. ஊரே அடைந்து கிடந்த அந்நாட்களில் அவன் மாலைதோறும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். அவனுக்குத் தமிழெழுத்தைக் கண்டாலே அச்சம். அரபு எழுத்தோ நன்கு தெரியும். அப்போது எனக்கு நம் முன்னோர் நினைவு வந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் பாட்டிமார் தமிழை அரபு எழுத்திலேயே எழுதிப் படித்தார்கள் அல்லவா? அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளையே அமைத்த அரபுத்தமிழ்! நான் அந்த வழியில் ஒரு சொல்லை எழுதுவேன், அவன் படித்துவிட்டு, "இது தமிழ்தானே, மாமா!" என்பான். அதன் கீழே அதே சொல்லைத் தமிழெழுத்தில் எழுதுவேன். தெரிந்த கரையிலிருந்து தெரியாத கரைக்கு ஒரு பலகை போட்டதுபோல் ஆயிற்று. ழகரமும் ணகரமும் அவனை வெகுகாலம் அலைக்கழித்தன. கூட்டெழுத்துகளில் பொறுமையிழந்து பென்சிலை எறிந்த நாட்களும் உண்டு. மூன்று ஆண்டுகள் பிடித்தன. 2023 ஏப்ரலில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழில் 71 மதிப்பெண் எடுத்தான். மற்ற நான்கு பாடங்களிலும் 90க்கு மேல். அந்த எழுபத்தொன்றைத்தான் என் சகோதரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு பிள்ளை தன்னை முட்டாள் என்று எண்ணிக்கொண்ட இரவுகளை எந்த மதிப்பெண்ணும் திருப்பித் தராது. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள் என்று மிம்பரில் நின்று எத்தனையோ முறை பேசியவன் நான்.

ஷார்ஜா சகோதரர் இரண்டு வாரம் கழித்து மீண்டும் அழைத்தார். கணவனும் மனைவியும் அமர்ந்து கணக்கிட்டார்களாம். இன்னும் எட்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. மகள் கல்லூரிக்கு, ஒருவேளை அதற்கு முன்பே, தமிழ்நாட்டுக்குத்தான் வரவேண்டியிருக்கும். இந்தியப் பாடத்திட்டப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டார்கள். நீச்சல் குளம் இல்லை என்று மகளுக்குச் சற்று வருத்தம். அப்பள்ளியில் தமிழ் இல்லை என்பதும் சேர்த்த பிறகே தெரிந்திருக்கிறது.

"நானே வீட்டில் சொல்லிக் கொடுக்கிறேன் என்று அவள் உம்மா சொல்கிறாள், ஹஜ்ரத். எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டார். நான் அலமாரியைத் திறந்து மருமகனின் பழைய குறிப்பேட்டை எடுத்து, முதல் நான்கு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினேன். முதல் பக்கத்தில் மேல்வரி அரபு எழுத்திலும் கீழ்வரி கோணல்மாணலான தமிழெழுத்திலும் ஒரே ஒரு சொல் இருக்கிறது: உம்மும்மா.